கறுப்பு அங்கியைக் கழற்றச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி

1/
நேத்து நைட் டூட்டி முடிச்சு வந்து போனை எடுத்தா ஒரு ஜூனியர் பொண்ணோட மெசேஜ். "அக்கா, இந்த வருஷம் கிராஜுவேஷன் டேக்கு கவுன் கிடையாதாம். பசங்களுக்கு வேட்டி, அங்கவஸ்திரம். எங்களுக்குப் பட்டுப்புடவை. நம்ம பாரம்பரியம்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

அந்தக் கடைசி வரியைப் படிச்சதும் எனக்குத் தூக்கம் போச்சு. அதனால்தான் இந்த நீண்ட த்ரெட். பொறுமையா படிங்க.

2/
கல்லூரி பேர் வேண்டாம். டெல்டாவுல இருக்கிற ஒரு கல்லூரின்னு வச்சுக்கோங்க. கமிட்டியில இருக்கிறவங்க கெட்டவங்க இல்லை, நல்ல எண்ணத்தோடதான் செய்றாங்க. "வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன கறுப்பு அங்கி நமக்கு எதுக்கு?" என்பது அவங்க கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். ஆனா அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச பதில் தப்பு. ஏன்னு சொல்றேன்.

3/
இது புதுப் பேச்சும் இல்லை. 2010 ஏப்ரலில் போபாலில் இந்திய வன மேலாண்மை நிறுவனத்தின் பட்டமளிப்பு விழா. அப்போது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ், இது காலனியாதிக்கத்தின் காட்டுமிராண்டித்தனமான எச்சம் என்று சொல்லி மேடையிலேயே அங்கியைக் கழற்றினார். நாடு முழுக்கக் கைதட்டல், கூடவே விவாதம். அவர் காங்கிரஸ் அமைச்சர்.

4/
2024 ஆகஸ்ட். இப்போது பாஜக அரசு. மத்திய சுகாதார அமைச்சகம் தன் கீழ் இருக்கும் எய்ம்ஸ் உள்ளிட்ட மருத்துவ நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதுது. கறுப்பு அங்கியும் தொப்பியும் ஐரோப்பாவின் இடைக்காலத்தில் பிறந்தது, ஆங்கிலேயர் தங்கள் காலனிகளில் புகுத்தியது, மாற்ற வேண்டும். அந்தந்த மாநிலத்தின் உள்ளூர் மரபுப்படி ஒரு இந்திய உடையை வடிவமைங்க.

ஜிப்மரும் அந்த அமைச்சகத்தின் கீழ்தான். அதோட ஒரு கிளை நம்ம காரைக்காலில் இருக்கு. ஆக விஷயம் காவிரிக் கரைக்கே வந்தாச்சு.

5/
முதல்ல அவங்க பக்கம் இருக்கிற உண்மையை ஒத்துக்கிறேன். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்டில் படிச்சவங்க பெரும்பாலும் திருச்சபையைச் சேர்ந்தவங்க. கட்டடம் கல், கணப்பு கிடையாது, குளிர் எலும்பைத் துளைக்கும். அதுக்குப் போட்ட நீள அங்கி, தலையை மூட ஒரு முக்காடு. அந்த முக்காடுதான் இன்னைக்கு நம்ம முதுகில் கலர் பட்டையா தொங்குது.

6/
அந்த ஊர்க் குளிருக்குத் தைச்ச சட்டையை, தஞ்சாவூர் ஏப்ரல் வெயிலில், பாலியெஸ்டர் துணியில் போடறோம். டாக்டரா சொல்றேன், இது முட்டாள்தனம்.

வேர்வை ஆவியானாத்தான் உடம்பு குளிரும். பாலியெஸ்டர் அதைத் தடுக்கும். சிறப்பு விருந்தினர் வர ரெண்டு மணி நேரம் தாமதம், வரிசையில் நின்னுக்கிட்டே இருக்கணும். ரத்தம் காலில் தேங்கும், மூளைக்குப் போற ரத்தம் குறையும், மயக்கம் போட்டு விழுவாங்க. விழாவுக்கு விழா இது நடக்குது.

7/
இன்னொன்று. வாடகை கவுன். போன வாரம் வேற கல்லூரியில் யாரோ வேர்த்து ஊத்திப் போட்டது, துவைக்காம மடிச்சு உங்க கைக்கு வரும். படர்தாமரைக்கு அதைவிட நல்ல வாகனம் கிடையாது.

ஆக, இப்போ இருக்கிற கவுன் அப்படியே இருக்கணும்னு நான் சொல்லலை. "அந்நியம், அதனால் தூக்கு" என்கிற காரணத்தைத்தான் எதிர்க்கிறேன்.

8/
அந்நியம்னா என்னங்க? வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தாங்க. சுவாதித் திருநாள் வடிவேலுவுக்கு யானைத் தந்தத்தில் செஞ்ச வயலினையே பரிசாகக் கொடுத்தார்.

இன்னைக்குத் திருவையாறு ஆராதனையில் யாராவது வயலினை வெளியே எடுத்துட்டுப் போன்னு சொல்வாங்களா?

9/
1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி, ஐரோப்பிய மருத்துவத்தையும் நம்ம மருத்துவத்தையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுப் படிச்சவர். கண் நோயாளிகளின் விவரங்களைக் கண் படங்களோடு எழுதி வைத்தவர். சரசுவதி மகாலில் அவை இருக்கு. அவர் "இது யாரோடது"ன்னு கேட்கலை. "இது நோயாளிக்கு உதவுமா"ன்னு கேட்டார்.

10/
நம்ம கழுத்துல தொங்குற ஸ்டெதஸ்கோப் 1816-ல் பாரிஸில் லெனெக் கண்டுபிடிச்சது. எம்.பி.பி.எஸ். என்கிற எழுத்துகளே லத்தீன். தஞ்சாவூர் கோர்ட்டுல வக்கீலுங்க இன்னமும் கறுப்பு அங்கியோடதான் நிக்கிறாங்க. பட்டம் லத்தீன்ல இருக்கலாம், படிப்பு இங்கிலீஷ்ல இருக்கலாம், அதை வாங்குற ஒரு நாள் போடுற துணி மட்டும் அடிமைச் சின்னமா?

11/
அங்கி போட்டா மனசு அடிமையாயிடுமா? சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகளில் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி.வை. தாமோதரம் பிள்ளை. ஏட்டுச்சுவடியில் கிடந்த கலித்தொகையை அச்சில் ஏற்றிக் கொடுத்தவர் அவர்தான்.

நம்ம கும்பகோணம் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் செனட் ஹவுஸ் முன்னாடி அங்கியோட நிக்கிற படத்தைப் பார்த்திருப்பீங்க. அதுல எங்கே அடிமை தெரியுது?

12/
சரி, இப்போ என் கேள்விக்கு வர்றேன். கடிதம் சொல்ற "உள்ளூர் மரபு", கமிட்டி சொல்ற "நம்ம பாரம்பரியம்". எந்த உள்ளூர்? யாரோட பாரம்பரியம்?

இந்தத் தஞ்சை ஜில்லாவில் உடை என்பது வெறும் உடையா இருந்ததே இல்லை. யார் எதைப் போடலாம், எதை எப்போ எடுக்கணும்னு இங்கே எழுதாத சட்டம் ஒன்னு இருந்தது.

13/
உங்க வீட்டுல எண்பது, தொண்ணூறு வயசு ஆள் இருந்தா கேளுங்க. பண்ணையாள் தோளில் துண்டு போடக் கூடாது. மிராசுதார் எதிரே வந்தா துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கணும், இல்ல இடுப்பில் கட்டணும். வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. செருப்பு கையில். பெண்களுக்கு ரவிக்கை கிடையாது. மீறினா சாட்டையடி, சாணிப்பால்.

14/
சாணிப்பால் தெரியாத இளைய தலைமுறைக்கு: மாட்டுச் சாணியைத் தண்ணியில் கரைச்சு, மனுஷனைப் பிடிச்சு வாயில் ஊத்துவாங்க. இது புராணக் கதை இல்லை. 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றவங்க வந்து செங்கொடிச் சங்கம் கட்டி, "அடிச்சா திருப்பி அடி"ன்னு சொல்லிக் கொடுத்த பிறகுதான் இது நின்னது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல்தான் வந்தது.

15/
அதுக்கப்புறமும் 1968 டிசம்பர் 25. கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்டவங்களின் பெண்கள், குழந்தைகள், முதியவங்க உட்பட 44 பேர் ஒரே குடிசையில் எரிஞ்சு செத்தாங்க.

அந்த ஊர் இருக்கிறதும் இதே டெல்டாவுலதான். "உள்ளூர் மரபு"ன்னு ஒருத்தர் லேசா சொல்லும்போது எங்க வீட்டுல அதை லேசா கேட்க முடியாது.

16/
கொஞ்சம் தெற்கே போனா தோள்சீலைப் போராட்டம். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்க முப்பது வருஷத்துக்கு மேல போராடினாங்க. 1859-ல் அனுமதி அறிவிப்பு வந்தது. அப்பவும் ஒரு நிபந்தனை: உயர்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது.

சென்னையில் பல்கலைக்கழகம் வந்து ரெண்டு வருஷம் ஆன நேரம் அது. ஒரு பக்கம் படிச்சவன் எவனும் போடலாம்னு ஒரு அங்கி. இன்னொரு பக்கம் பிறப்பைப் பார்த்து அளந்து கொடுத்த துணி. இதுல எது அந்நியம்னு நீங்களே சொல்லுங்க.

17/
இப்போ என் கதை. 2006 ஏப்ரல். ஹவுஸ் சர்ஜன் முடிச்சு எங்க பேட்சுக்குப் பட்டமளிப்பு. திருத்துறைப்பூண்டி பக்கம் எங்க ஊர். அம்மா உளுந்து பறிக்கிற வேலையை ஒரு நாள் விட்டுட்டு வந்தாங்க. அப்பா வந்தார். எழுபத்தாறு வயசு தாத்தாவும் "நானும் வர்றேன்"னு கிளம்பிட்டார். அவர் சின்ன வயசுல பண்ணையாள்.

ஆளுக்கு ரெண்டு பாஸ்தான். தாத்தா வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

18/
விழா முடிஞ்சு ஓடி வந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர், எங்க புரொபசர், எனக்குக் கை கொடுக்க வந்தார். தாத்தா சட்டுன்னு எழுந்து, தோள்ல கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்துல இடுக்கிக்கிட்டார். யாரும் சொல்லலை. அந்தக் கைக்கு அறுபது வருஷப் பழக்கம்.

புரொபசர் கவனிக்கலை. நான் கவனிச்சேன்.

19/
அவர் போனதும் என் கவுனைக் கழற்றித் தாத்தாவுக்குப் போட்டுவிட்டேன். கூச்சப்பட்டார். துணியைத் தடவிப் பார்த்தார். அப்புறம் மெதுவா கேட்டார்: "ஏம்மா, இதை யார் வேணும்னாலும் போடலாமா?"

"படிச்சா போடலாம் தாத்தா."

"வேற ஒன்னும் கேட்க மாட்டாங்களா?"

"கேட்க மாட்டாங்க."

அந்த போட்டோ இன்னைக்கும் என் கிளினிக்ல இருக்கு.

20/
என் மொத்த வாதமும் இதுதான். இந்த ஊர்ல, போடறதுக்குப் படிப்பைத் தவிர வேற எந்தத் தகுதியும் கேட்காத முதல் சடங்கு உடை அந்தக் கறுப்பு அங்கி. அதுக்குச் சாதி கிடையாது. நம்ம மண்ணுல பிறக்காததாலதான் கிடையாது.

டெல்டா கிராமங்களில் அம்பேத்கர் சிலையைப் பாருங்க. பல இடத்துல கம்பிக் கூண்டுக்குள்ள நிக்கிறார். கோட்டு சூட்டோட நிக்கிறார். 1952-ல் கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது, அங்கியோட இருக்கிற அவர் படம் எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குதுன்னு போய்ப் பாருங்க. அவங்க அதை அடிமைச் சின்னம்னு மாட்டி வைக்கலை.

21/
அடுத்து பட்டுப்புடவை. இதைப் பெண்கள் கவனமா படிங்க. அன்னைக்கு நான் கவுனுக்குள்ள கட்டியிருந்தது பக்கத்து வீட்டுச் சித்தியோட புடவை. பக்கத்துல நின்ன தோழி கட்டியிருந்தது திருபுவனம் பட்டு. அவ வசதியான வீடு, நல்ல பொண்ணு. ஆனா மேடையில் எங்க ரெண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியலை. எல்லாமே கறுப்பு.

கவுனை எடுத்துடுங்க. அந்த மேடை கல்யாண ரிசப்ஷன் ஆயிடும்.

22/
பட்டுன்னு கமிட்டி ஒரு வார்த்தையில முடிவு பண்ணிட்டுப் போயிடும். புடவைக்கு மேட்ச்சா பிளவுஸ், நகை, பூ, மேக்கப். ஒரு அம்மா தோட்டை அடகுக் கடையில வைப்பா. "அம்மாகிட்ட இன்னும் சொல்லல"ன்னு அந்தப் பொண்ணு எழுதினாளே, அதோட அர்த்தம் இதுதான். பள்ளிக்கூடத்துல சீருடை எதுக்கு வந்துச்சோ, அதே காரணத்துக்குத்தான் மேடையிலயும் ஒரே அங்கி வேணும்.

23/
நேரத்தையும் பாருங்க. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு அரசு 2020-ல் கொண்டுவந்தது. கூலி வேலை பார்க்கிறவங்க, ஆடு மாடு மேய்க்கிறவங்க பிள்ளைங்க அதுல உள்ளே வந்தாங்க. அந்த முதல் பேட்ச் இப்போதான் பட்டம் வாங்குற வரிசைக்கே வருது.

நூத்தம்பது வருஷமா மத்தவங்க போட்டு போட்டோ எடுத்து வீட்டுல மாட்டியாச்சு. இந்தப் பிள்ளைங்க வரிசையில் வந்து நிக்கும்போதுதான் "அது அந்நியம், கழற்று"ன்னு தோணுதா?

24/
"அப்போ வேட்டி உங்களுக்குக் கேவலமா டாக்டர்?"ன்னு கமெண்ட்ல வருவீங்க. இப்பவே பதில் சொல்லிடறேன்.

2014-ல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடலை. தமிழ்நாடே கொதிச்சது. அதே வருஷம் சட்டம் வந்தது: வேட்டி கட்டினவரை பொது இடத்தில் தடுக்கக் கூடாது. அந்தச் சட்டத்தை நான் வரவேற்றேன். அது வேட்டி கட்ட உரிமை கொடுத்தது. எல்லாரும் வேட்டிதான் கட்டணும்னு அது சொல்லலை. உரிமைக்கும் கட்டாயத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

25/
"துண்டு போடக் கூடாதுன்னு சொன்ன ஊர்ல, இன்னைக்கு எல்லாரும் அங்கவஸ்திரம் போட்டா அது வெற்றிதானே?" இது நல்ல கேள்வி.

ஒரு பையன் தானா விரும்பி, "எங்க தாத்தாவுக்கு மறுத்த துண்டை நான் தோள்ல போட்டு மேடை ஏறுறேன்"னு சொன்னா, முதல் கைதட்டல் என்னோடது. ஆனா கமிட்டி அதை எல்லார் தோள்லயும் போட்டு "இதுதான் காலங்காலமா நம்ம பாரம்பரியம்"னு மைக்ல சொன்னா, அது அவன் தாத்தா பட்ட அடியை அழிக்கிற பொய்.

26/
கமிட்டிகள் உடை விஷயத்தில் எப்படி யோசிக்கும்னு ஒரு உதாரணம். 2023 ஜூனில் சேலம் பெரியார் பல்கலைக்கழகம், ஆளுநர் கலந்துகொள்ளும் பட்டமளிப்பு விழாவுக்கு யாரும் கறுப்பு உடையில் வரக் கூடாதுன்னு சுற்றறிக்கை விட்டது. பேரு பெரியார் பல்கலைக்கழகம், தடை கறுப்புக்கு! எதிர்ப்பு கிளம்பினதும் வாபஸ்.

மேடையில் உட்காருபவரின் வசதிக்குக் கீழே இருப்பவன் உடுத்தணும் என்பதும் ஒரு பழைய உள்ளூர் மரபுதான். அது நமக்கு வேண்டாம்.

27/
குறை மட்டும் சொல்லிட்டுப் போகலை. என்ன செய்யலாம்னும் சொல்றேன்.

ஒன்று: அங்கி இருக்கட்டும், துணியை மாத்துங்க. பருத்திக் கைத்தறி, காத்து போற நெசவு, கை நீளத்தைக் குறைங்க. பட்டமளிப்பு உடைக்குக் கைத்தறி பயன்படுத்தச் சொல்லி யுஜிசி ஏற்கெனவே பல்கலைக்கழகங்களைக் கேட்டிருக்கு. 1935-லிருந்து கோ-ஆப்டெக்ஸ் இருக்கு. நெய்யச் சொல்லுங்க. நெசவாளிக்கும் வேலை. இதைவிட உள்ளூர் எது?

28/
இரண்டு: வாடகை வேண்டாம். கல்லூரியே வாங்கி, ஒவ்வொரு விழாவுக்கும் துவைச்சுக் கொடுக்கட்டும். ஆபரேஷன் தியேட்டர் துணியைத் துவைக்கத் தெரிஞ்ச ஆஸ்பத்திரிக்கு இது பெரிய வேலையா?

மூன்று: குடிதண்ணீர், நாற்காலி, நேரத்துக்குத் தொடக்கம். விருந்தினர் தாமதமானா விழா அவருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நான்கு: தலையில் முக்காடு, டர்பன், உள்ளே என்ன உடை, அது அவங்கவங்க விருப்பம். மேலே போடற அங்கி மட்டும் ஒன்னு.

29/
ஐந்து, எனக்கு ரொம்ப முக்கியமானது: ரெண்டு பாஸ் என்கிற கணக்கை ஒழிங்க. இடம் இல்லைன்னா மைதானத்துல பந்தல் போடுங்க. முதல் வரிசை சோபா வி.ஐ.பி.க்கு, பெத்தவங்க பின்னாடி, தாத்தா பாட்டி வேப்பமரத்தடியிலன்னு உட்கார வைக்கிறீங்களே, காலனியாதிக்கம் அங்கேதான் இருக்கு. அதை முதல்ல கழற்றுங்க.

30/
அந்தப் பொண்ணுக்கு நான் அனுப்பின பதில்: "பாப்பா, பேட்ச்ல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கு. மரியாதையா ஒரு மனு எழுது. பணம் இல்லைன்னு எழுதாதே, அது உன் தனிப் பிரச்சினை ஆயிடும். எங்களுக்குச் சமமா ஒரு உடை வேணும்னு எழுது. டீனைப் பார்க்கப் போகும்போது நானும் வர்றேன். அம்மாகிட்ட இப்போதைக்கு ஒன்னும் சொல்ல வேண்டாம்."

31/
கமிட்டியில் இருக்கிற என் மூத்தவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த மீட்டிங்ல "பாரம்பரிய உடை"ன்னு தீர்மானம் போடறதுக்கு முன்னாடி, உங்க கல்லூரியில் வேலை பார்க்கிற துப்புரவுத் தொழிலாளி ஒருத்தரைக் கூப்பிட்டு, "உங்க தாத்தா என்ன உடுத்தினார், எதை உடுத்த விடலை?"ன்னு கேளுங்க. அவர் சொல்ற பதிலையும் மினிட்ஸ்ல எழுதுங்க. அப்புறமும் அதே தீர்மானம் போட முடிஞ்சா போடுங்க.

இதைப் படிச்ச டெல்டா டாக்டர்ஸ், உங்க வீட்டுல அங்கி போட்டு எடுத்த முதல் போட்டோ யாரோடதுன்னு கீழே எழுதுங்க.